பத்தாங் பெர்ஜுந்தையின் கருமணல்

ஈஜோக்கிலிருந்து பெஸ்தாரி ஜெயா பக்கம் போகிறவர்கள், செம்பனை வரிசை அறுபடும் இடங்களில் அகலமான நீர்ப்பரப்புகளைப் பார்ப்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அவை ஏரிகள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு அவை லம்பம். லோம்போங் என்ற மலாய்ச் சொல் தமிழர் வாயில் அப்படித்தான் ஆயிற்று. 2007இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பேச்சில் இன்னும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான்.

இந்த நீர்நிலைகளைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். சுமார் 2,656 ஹெக்டர் பரப்பில், சிறிதும் பெரிதுமாக 442 ஏரிகளும் குட்டைகளும். அத்தனையும் ஈயம் தோண்டியதால் உண்டானவை. அவற்றின் நீர் ஆயர் ஹீத்தாம் உள்ளிட்ட சிற்றாறுகள் வழியாகச் சிலாங்கூர் ஆற்றில் சேர்கிறது. அந்த ஆறு கம்போங் குவாந்தானில் மின்மினிகள் மொய்க்கும் பெரெம்பாங் மரங்களைக் கடந்து கோலசிலாங்கூரில் கடலைத் தொடுகிறது.

சுரங்கச் சட்டச் சீர்திருத்தத்தைப் பற்றிப் பேச இந்தக் கரையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. உலகம் இப்போது முக்கியக் கனிமங்களைத் தேடி அலைகிறது. மின்கார், காற்றாலை, கைப்பேசி, ஏவுகணை எல்லாவற்றுக்கும் அவை வேண்டும். மலேசியாவில் கதிரியக்கம் குறைந்த அருமண் வகை மட்டும் 16 மில்லியன் டன் அளவில் இருக்கலாம் என்று அரசாங்கம் மதிப்பிடுகிறது. மலாயில் நாடிர் பூமி என்பதைத்தான் அருமண் என்கிறேன். 2023 செப்டம்பரில் பிரதமர் அன்வார் இப்ராஹிம், பதப்படுத்தாத அருமண்ணை ஏற்றுமதி செய்யத் தடை வரும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பேராக்கின் கெனெரிங்கில் முன்னோடித் திட்டம் நடந்தது. 2025 அக்டோபரில் அமெரிக்காவுடன் கோலாலம்பூரில் முக்கியக் கனிமங்களுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் பின்னால் ஒரே கோரிக்கை கேட்கிறது: முதலீடு வர வேண்டுமானால் சுரங்கச் சட்டத்தை இளக்குங்கள், அனுமதியை விரைவாக்குங்கள்.

அனுமதி விரைவாக வருவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் சுரங்கத்தின் தொடக்கத்தை மட்டும் எளிதாக்குகிற சீர்திருத்தம் பாதி வேலை. சுரங்கம் எப்படி முடியும், எஞ்சிய மண் யாருடையது, அந்த மண்மீது பட்டா இல்லாமல் குடியிருப்பவர்கள் யார் என்ற மூன்றையும் சட்டம் சொல்லாவிட்டால் வந்த முதலீடும் நிலைக்காது. பத்தாங் பெர்ஜுந்தையின் நூறாண்டு வரலாறு இதைத்தான் காட்டுகிறது.

கப்பல் விட்டுச் சென்றது

தோட்டத்துத் தமிழில் ஈயம் என்றால் வெள்ளீயம். மலையிலிருந்து அரித்து வந்த வெள்ளீயத் தாது சிலாங்கூர் ஆற்றுப் படுகையின் வண்டலில் ஆழமாகப் படிந்திருந்தது. சதுப்பு நிலத்தில் ஆட்களை இறக்கித் தோண்டுவது கடினம். அதனால் இங்கே மிதக்கும் இயந்திரங்கள் வந்தன. மலாய்க்காரர்கள் அதைக் கப்பால் கோரேக் என்றார்கள். அந்தக் கப்பால் நம் கப்பல் என்ற சொல்லிலிருந்து போனதுதான். கப்பல் தனக்கென்று ஒரு குளத்தை வெட்டிக்கொண்டு அதில் மிதக்கும். முன்பக்கம் வாளிச் சங்கிலி மண்ணை அள்ளும். உள்ளே தாதைப் பிரித்தெடுத்துவிட்டு, மீதி மணலையும் சேற்றையும் பின்பக்கம் கொட்டும். குளம் கப்பலோடு சேர்ந்து நகரும். கப்பல் போன வழியெல்லாம் மண் புரண்டு, மேல்மண் அடியிலும் அடிமணல் மேலுமாகக் கிடக்கும். பெர்ஜுந்தை டின் டிரெட்ஜிங் நிறுவனம் நாட்டின் பெரிய ஈய உற்பத்தியாளர்களுள் ஒன்றாக இருந்தது இந்த முறையில்தான்.

கப்பலில் கிடைத்த தாது அப்படியே உருக்காலைக்குப் போகாது. முதலில் கொட்டகைக்கு வரும். அங்கே காந்தத்தாலும் மின்னழுத்தத்தாலும் ஈயத் தாதைத் தனியே பிரிப்பார்கள். பிரித்தபின் மிஞ்சும் கனமான கருமணலுக்கு அமாங் என்று பெயர். நெடுங்காலம் அது வெறும் கழிவாகவே கருதப்பட்டது. ஆனால் அமாங்கில் இருப்பதைப் பாருங்கள்: டைட்டானியம் தரும் இல்மனைட், சிர்கோனியம் தரும் சிர்கான், சீரியமும் நியோடிமியமும் தரும் மோனசைட், இட்ரியமும் டிஸ்ப்ரோசியமும் தரும் ஸெனோடைம். சில இடங்களில் நியோபியமும் டான்டலமும் உண்டு. இன்று வல்லரசுகள் வெளியிடும் முக்கியக் கனிமப் பட்டியல்களில் உள்ள பல இந்தக் கொட்டகைத் தரையில் கிடந்திருக்கின்றன. பழைய வண்ணத் தொலைக்காட்சித் திரையின் சிவப்பு நிறத்துக்கு இட்ரியம் வேண்டியிருந்தபோதுதான் ஸெனோடைமுக்கு மதிப்பு வந்தது. 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த ஏழு அருமண் தனிமங்களில் இட்ரியமும் டிஸ்ப்ரோசியமும் இருந்தன. உலகம் பதறியது.

வெள்ளீயமும் பழைய சரக்கு ஆகிவிடவில்லை. உலகில் உருக்கப்படும் வெள்ளீயத்தில் ஏறத்தாழ பாதி மின்னணுப் பலகைகளைப் பற்றவைக்கும் பற்றாசுக்குப் போகிறது. 2022 மார்ச்சில் அதன் விலை டன்னுக்கு 50,000 டாலரைத் தொட்டது. மலேசிய ஸ்மெல்டிங் கார்ப்பரேஷன் தன் உருக்கு வேலையைப் பட்டர்வொர்த்திலிருந்து இதே சிலாங்கூரின் பூலாவ் இண்டாவுக்கு மாற்றியது. பழைய கப்பல்களால் நுண்ணிய தாதுத் துகளைப் பிடிக்க முடியவில்லை. அவை சேற்றோடு வெளியே போயின. ஆகவே பழைய ஈய நிலங்களின் வண்டலை மறுபடி அலசலாமா என்ற கேள்வி உலகெங்கும் எழுந்திருக்கிறது. புதிய காட்டை வெட்டாமல், ஏற்கெனவே புரண்ட மண்ணிலிருந்தே கனிமம் எடுப்பது என்பது கேட்பதற்கு நியாயமான யோசனை. எனக்கும் அதில் ஈர்ப்பு உண்டு. அந்த யோசனை சட்டத்தின் முன் வந்து நிற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு மண்வெட்டி மணல்

அந்தக் கரையில் ஒரு மண்வெட்டி மணலை அள்ளுவதாக வைத்துக்கொள்வோம். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின் 40ஆவது பிரிவு, தனியே வழங்கப்படாத கனிமமும் பாறைப்பொருளும் மாநில அரசுக்கே உரியவை என்கிறது. மேலே செம்பனை யாருடையதாக இருந்தாலும் சரி. மணல் பாறைப்பொருள் வகையில் அடங்கும். அதை அள்ள நில அலுவலகத்தின் பெர்மிட் போதும். அதே மணலுக்குள் இருக்கும் வெள்ளீயத் தாது கனிமம். அதற்குச் சிலாங்கூரின் 2000ஆம் ஆண்டு கனிமச் சட்டத்தின் கீழ் சுரங்கக் குத்தகை வேண்டும். எப்படித் தோண்டுவது என்ற செயல்திட்டத்தை 1994ஆம் ஆண்டின் கூட்டரசு கனிம மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் கனிம, புவி அறிவியல் துறை பார்க்க வேண்டும். மணலைப் பிரித்து மோனசைட் கையில் வந்துவிட்டால் அதில் ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு தோரியம் இருக்கும். அப்போது 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம் குறுக்கே வரும். மண்ணை அள்ளிய குழியில் ஊறும் நீர், 1999இல் அமைந்த சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியமான லுவாஸின் பொறுப்பு. சுற்றுச்சூழல் துறை தனி.

ஒரே மண். மணலாகப் பார்த்தால் ஓர் அலுவலகம், ஈயமாகப் பார்த்தால் இரண்டு, தோரியமாகப் பார்த்தால் இன்னொன்று, நீராகப் பார்த்தால் வேறொன்று. இதன் வேர் அரசியலமைப்பில் இருக்கிறது. ஒன்பதாவது அட்டவணையில் கனிம வள மேம்பாடும் சுரங்கத் தொழிலும் கூட்டரசுப் பட்டியலில் உள்ளன. ஆனால் தேடுவதற்கான உரிமமும் சுரங்கக் குத்தகையும் மாநிலப் பட்டியலில் உள்ளன. கோலாலம்பூர் எவ்வளவு அழகான கொள்கையை எழுதினாலும் ஷா ஆலம் குத்தகை கொடுக்காமல் ஒரு பிடி மண் அசையாது. குத்தகை கொடுத்தாலும் கோலாலம்பூரின் ஒப்புதல் இல்லாமல் வேலை தொடங்காது.

1994ஆம் ஆண்டுச் சட்டமும் அதை ஒட்டி எழுதிய மாதிரி மாநிலச் சட்டமும் இந்தப் பிளவைச் சரிசெய்யத்தான் வந்தன. 1992இல் தேசியக் கனிமக் கொள்கை பிறந்தபோது ஈயத் தொழில் சாய்ந்துகொண்டிருந்தது, முதலீட்டாளரை மறுபடி அழைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாநிலமும் மாதிரியைத் தன் சட்டமன்றத்தில் தனியே நிறைவேற்ற வேண்டும் என்பதால், சிலாங்கூரில் அது சட்டமாக 2000 ஆயிற்று. அதுவரை பிரிட்டிஷ் காலச் சுரங்கச் சட்டம்தான் இங்கே ஓடியது. அழைப்பு அச்சாகி வரும்போது பத்தாங் பெர்ஜுந்தையில் கப்பல்கள் ஓய்ந்திருந்தன.

இந்தச் சட்டங்கள் புதிய சுரங்கத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. காட்டிலோ மலையிலோ போய்த் தேடி, கண்டுபிடித்து, குத்தகை எடுத்து, தோண்டி, மூடுகிற ஒரு நேர்கோடு அவற்றில் இருக்கிறது. ஏற்கெனவே தோண்டிக் கைவிட்ட நிலத்தின் வண்டலுக்கு அந்தக் கோட்டில் தெளிவான இடம் இல்லை. கைவிட்ட வண்டல் பழைய குத்தகைக்காரரின் சொத்தா, மாநிலத்தின் சொத்தா? அதை மறுபடி அலசுகிறவர் பழைய மாசுக்கும் பொறுப்பேற்க வேண்டுமா? மணல் பெர்மிட் வைத்திருப்பவர் அள்ளிய மணலில் கனமான கருமணல் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்? நிதானமாக முதலீடு செய்ய வருகிற எவரும் முதலில் கேட்கும் கேள்விகள் இவை. விடை இல்லாத இடத்துக்கு நிதானமானவர் வரமாட்டார். சீக்கிரம் அள்ளிக்கொண்டு போகிறவரே வருவார். வண்டலுக்கென்று தனிக் குத்தகை வகை ஒன்றை உருவாக்குவதே நான் கேட்கும் முதல் சீர்திருத்தம். பழைய மாசு எவ்வளவு என்று அளந்து பதிவுசெய்த பிறகே அந்தக் குத்தகை தொடங்க வேண்டும். அந்த அளவு பொதுமக்கள் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

புக்கிட் மேராவிலிருந்து கெபெங் வரை

அமாங்கை முக்கியக் கனிமமாக்கும் முயற்சி இந்த நாட்டில் ஒருமுறை நடந்துவிட்டது. ஈப்போவுக்கு அருகில் புக்கிட் மேராவில் ஆசியன் ரேர் எர்த் நிறுவனம் 1982இல் வேலை தொடங்கியது. மிட்சுபிஷி அதில் பெரிய பங்குதாரர். ஈயக் கழிவிலிருந்து கிடைத்த மோனசைட்டைப் பதப்படுத்தி அருமண்ணைப் பிரித்தார்கள். தோரியக் கழிவை எங்கே வைப்பது என்று முடிவாகும் முன்பே ஆலை ஓடத் தொடங்கிவிட்டது. அணுசக்தி உரிமச் சட்டம் நிறைவேறியதே 1984இல்தான். ஆலைக்குப் பிறகு சட்டம் வந்தது. பாப்பானில் கழிவுக் குழி வெட்டியபோது ஊர் திரண்டது. 1985இல் புக்கிட் மேரா மக்கள் ஈப்போ உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1992 ஜூலையில் ஆலையை மூடச்சொல்லித் தீர்ப்பு வந்தது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. வழக்கில் வென்ற நிறுவனம் மறுமாதமே ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. துப்புரவுக்கு ஏறத்தாழ 100 மில்லியன் அமெரிக்க டாலர் செலவானது. கழிவு கிலேடாங் மலையில் புதைக்கப்பட்டது.

இந்தக் கதையை மக்களின் போராட்டமாகவே சொல்வது வழக்கம். போராட்டம் பெரியது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. முதலீட்டாளரின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பாடம் அதே. 12 ஆண்டில் ஆலை போனது, நற்பெயர் போனது, வழக்கில் வென்றும் பயனில்லை. கழிவைப் பற்றிய சட்டம் முதலில் வந்திருந்தால் ஆலை வேறிடத்தில் அமைந்திருக்கும், அல்லது அமையாமலே போயிருக்கும். இரண்டுமே நடந்ததைவிடச் செலவு குறைந்தவை.

பகாங்கின் கெபெங்கில் லைனாஸ் நிறுவனத்தின் அருமண் ஆலை 2012இல் தொடங்கியது. மண் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டிலிருந்து வருகிறது. 2018க்குப் பிறகு ஆட்சி மாறும்போதெல்லாம் உரிம நிபந்தனையும் மாறியது. கதிரியக்கக் கழிவு உண்டாக்கும் உடைப்பு, கரைப்பு வேலையை 2023 ஜூலைக்குப் பிறகு இங்கே செய்யக்கூடாது என்றார்கள். காலக்கெடு நீண்டது. அதே ஆண்டு அக்டோபரில் 2026 மார்ச் வரை செய்யலாம் என்றார்கள். 2025 மேயில் அந்த ஆலை டிஸ்ப்ரோசியம் ஆக்சைடைத் தனியே பிரித்தெடுத்தது. சீனாவுக்கு வெளியே வணிக அளவில் அதுவே முதல்முறை. இவ்வளவு முக்கியமான ஆலையின் தலைவிதி ஓர் அமைச்சரின் கடிதத்தில் தொங்கியது என்பது சுற்றியிருந்த மக்களுக்கும் நல்லதல்ல, பணம் போட்டவருக்கும் நல்லதல்ல. எந்தக் கழிவு எவ்வளவு காலம் எங்கே இருக்கலாம் என்பதை நாடாளுமன்றச் சட்டம் எண்களோடு சொல்ல வேண்டும். அமைச்சர் மாறினால் எண் மாறக்கூடாது.

இந்த இடத்தில் மதுரைப் பக்கம் ஒருமுறை போய் வர வேண்டியிருக்கிறது. இந்தியா 2023இல் தன் சுரங்கச் சட்டத்தைத் திருத்தியது. 24 முக்கியக் கனிமங்களைத் தனியே பிரித்து, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை மாநிலங்களிடமிருந்து எடுத்து ஒன்றிய அரசுக்கு மட்டும் கொடுத்தது. விரைவுதான் நோக்கம். 2024 நவம்பரில் மேலூர் வட்டாரத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, சுமார் 2,015 ஹெக்டர், ஏலம் போனது. அதற்குள் அரிட்டாபட்டி இருந்தது; குடைவரைக் கோயிலும் தமிழ்க் கல்வெட்டும் சமணர் படுகையும் உள்ள ஊர், 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். ஊர் ஊராக மக்கள் எழுந்தார்கள். டிசம்பர் 9ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஏலமே ரத்தானது. மூன்று மாதத்துக்குள் எல்லாம் முடிந்தது. மாநிலத்தைச் சுற்றிக்கொண்டு போன பாதை கடைசியில் எங்கும் போய்ச் சேரவில்லை. ஆனால் 2025 செப்டம்பரில் இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. அரிட்டாபட்டி கற்றுக்கொடுத்ததற்கு நேர் எதிரான முடிவு அது என்று நினைக்கிறேன். மலேசியாவில் கூட்டரசு கனிமச் சட்டத்தைத் திருத்த முனைகிறவர்கள் இந்த மூன்று மாதத்தை நாள் நாளாகப் படிக்க வேண்டும்.

விலை விழுந்த நாள்

1985 அக்டோபர் 24. சர்வதேச ஈய மன்றத்தின் கையிருப்பில் பணம் தீர்ந்தது. லண்டன் உலோகச் சந்தை ஈய வணிகத்தை நிறுத்தியது. கோலாலம்பூர் ஈயச் சந்தையும் நின்றது. மறுபடி திறந்தபோது விலை பெரிதும் விழுந்திருந்தது. 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 70,000 டன்னுக்கு மேல் ஈயம் எடுத்த நாடு, 1990களின் நடுவில் 7,000 டன்னுக்கும் கீழே வந்துவிட்டது. சுரங்கங்கள் வரிசையாக மூடின.

மூடின என்று சொல்கிறோம். உண்மையில் திறந்தபடி விட்டுப் போனார்கள். விலை விழும்போதுதான் சுரங்கம் மூடப்படுகிறது. விலை விழும்போது நிறுவனத்திடம் நிலத்தைச் சீராக்கப் பணம் இருக்காது. இந்தச் சிறிய உண்மை முழுச் சட்டத்தையும் ஆள வேண்டியது. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலச் சீரமைப்புத் திட்டமும் அதற்கான நிதியும் பேசப்படுகின்றன. பத்தாங் பெர்ஜுந்தைக் குட்டைகளோ அதற்கு முந்தியவை. இனி வரும் சுரங்கங்களுக்கு அந்த நிதி போதுமா என்பதுதான் கேள்வி. மூடுவதற்கான முழுச் செலவையும் தோண்டத் தொடங்கும் முன்பே வைப்பாகக் கட்டச் சொல்ல வேண்டும், சில ஆண்டுக்கு ஒருமுறை அதை மறுபடி கணக்கிட வேண்டும், அந்தப் பணம் மாநிலத்தின் பொதுக் கணக்கில் கலக்கக்கூடாது, நீரின் தரம் ஆண்டுக்கணக்கில் நிலைத்த பிறகே திரும்பத் தரவேண்டும். இப்படிச் சொன்னால் முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்பார்கள். முன்கூட்டியே தெரிந்த செலவைப் பெரிய நிறுவனங்களும் வங்கிகளும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். புக்கிட் மேராவைப் போலப் பின்னால் வருகிற செலவைத்தான் எந்த வங்கியும் கணக்கிட முடியாது.

குட்டை நீரின் கதையையும் சொல்ல வேண்டும். 2014இன் முதல் மாதங்களில் சிலாங்கூரில் மழை பொய்த்து, அணைகள் வறண்டு, மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. அப்போது மாநில அரசு பெஸ்தாரி ஜெயாவின் பழைய ஈயக் குட்டைகளிலிருந்து நீரை எடுத்துச் சிலாங்கூர் ஆற்றில் விட்டது. ஹோராஸ் என்ற பெயரில் அது நிரந்தரத் திட்டமும் ஆனது. கன உலோகம் இருக்குமே என்று பலர் கேட்டார்கள். சோதித்துச் சுத்திகரித்தே விடுகிறோம் என்று அரசு பதில் சொன்னது. சிலாங்கூருக்கும் கோலாலம்பூருக்கும் போகும் குடிநீரில் ஏறத்தாழ 60 விழுக்காடு இந்த ஒரே ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஒரு தொழிற்கூடத்திலிருந்து கலந்த மாசினால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்று, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளில் குழாய் வறண்டதை யாரும் மறந்திருக்க முடியாது.

யாரும் திட்டமிடாமல், பாழ்பட்ட நிலம் தலைநகரின் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது. ஆகவே அந்த வண்டலை மறுபடி கலக்குவது இனி கோலசிலாங்கூர் மாவட்டத்தின் விவகாரம் மட்டுமல்ல. அடியில் அடங்கிக் கிடக்கும் ஆர்செனிக்கும் காரீயமும் மேலே வந்தால் அது கோலாலம்பூரின் பங்சாரில் திறக்கும் குழாய்வரை போகும். இந்த 442 நீர்நிலைகளில் எவற்றைத் தொடவே கூடாது, எவற்றின் கரை மணலை அலசலாம் என்று லுவாஸ் முதலில் வரைபடம் போட வேண்டும். குத்தகை விண்ணப்பம் அந்த வரைபடத்துக்குப் பிறகே. இதனால் காலம் பிடிக்கும். பிடிக்கட்டும். வரைபடம் ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த ஐம்பது விண்ணப்பங்களுக்கு அது காலத்தை மிச்சப்படுத்தும்.

லயத்தில் இருப்பவர்

பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் தமிழ் ஒலிக்கும். ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் அங்கே செம்பனையை வணிகப் பயிராக நட்டார். இந்த நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் அது. பின்னாளில் அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. இன்னும் சற்றுத் தள்ளிப் பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை மலாயன் காலியரீஸ் நிலக்கரி தோண்டியது. கோல்ஃபீல்ட்ஸ் என்றே பெயர் வைத்த தோட்டமும் அந்தப் பக்கம் உண்டு. அங்கே நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளியும் உண்டு. ரப்பர், ஈயம், நிலக்கரி, செம்பனை. வட சிலாங்கூரின் இந்தச் சிறிய வட்டத்துக்குள் அந்தந்தக் காலத்தில் உலகம் கேட்ட பண்டமெல்லாம் விளைந்திருக்கிறது, தோண்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நிலச் சட்டம் முதலீட்டுக்கு வழிவிட்டது. பால்மரம் சீவியவரும் செம்பனைக் குலை வெட்டியவரும் ஒவ்வொரு முறையும் நிலப்பட்டா இல்லாதவராகவே இருந்தார்.

லயத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் வீட்டின் தரத்தைப் பேசுகிறது, உரிமையைப் பேசவில்லை. 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல் குடும்பங்களை வெளியே தள்ளியது. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் துன் சம்பந்தன் தொடங்கியது அந்தக் காயத்தில்தான். பின்னால் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு வந்தது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டாக்கி விற்க ஒரு வாரியத்தின் அனுமதி வேண்டும் என்றது. தோட்டத்தை விற்பது வெறும் நில வியாபாரமில்லை, அதன்மேல் மனிதர் இருக்கிறார்கள் என்று இந்த நாட்டுச் சட்டம் ஒருமுறை ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலைக் கனிமச் சட்டத்துக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் தேட வேண்டியதில்லை.

அதற்கான தேவையும் பழங்கதையல்ல. புக்கிட் தாகார், நைகல் கார்ட்னர், மேரி, சுங்கை திங்கி, மிஞ்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். அவர்கள் காத்திருந்த காலத்தில் அந்தப் பக்கம் கோலாலம்பூரின் குப்பையைக் கொட்டும் கிடங்கு 2005இல் வந்தது. 245 வீடுகள் கட்டும் திட்டம் 2023இல்தான் உறுதியானது. கிடங்குக்கு நிலம் கிடைத்த வேகத்தில் வீட்டுக்கு நிலம் கிடைக்கவில்லை. யாருடைய பெயர் பட்டாவில் இருக்கிறதோ அவரிடம் மட்டுமே பேசுகிற நடைமுறையின் விளைவு இது.

நாளை ஏதோ ஒரு தோட்ட நிலத்தின் அடியில் கனிமம் இருப்பதாகத் தெரிந்தால் என்ன நடக்கும்? கனிமம் மாநிலத்துடையது. மேல்நிலம் நிறுவனத்துடையது. மாநிலம் நிறுவனத்திடம் பேசும், இழப்பீடும் பேசும். லயத்தில் இருப்பவரிடம் பேசவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவர் கோயில் அங்கே, பிள்ளை படித்த பள்ளி அங்கே, தாத்தாவைப் புதைத்த இடம் அங்கே. நிலச் சட்டத்தின் பதிவேட்டில் மட்டும் அவர் இல்லை. இன்று அந்த லயங்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நம்மவரோடு சேர்ந்து இருக்கிறார்கள். அவர்களைப் பதிவேட்டில் சேர்ப்பது இன்னும் தொலைவு. ஆனாலும் கிணற்று நீர் எல்லோருக்கும் ஒன்றுதான்.

கனிமச் சட்டத்தில் நிலவுரிமையாளர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் என்ற சொல்லையும் எழுத வேண்டும். அவர் யார் என்று இலக்கணம் சொல்ல வேண்டும்: தோட்டத்து வீட்டில் இத்தனை ஆண்டாக இருப்பவர், அங்கே வேலை செய்தவர், அவர் குடும்பம். சுரங்கக் குத்தகை பரிசீலனைக்கு வரும்போது அவருக்கும் அறிவிப்பு போக வேண்டும், மறுப்புச் சொல்ல நாள் தர வேண்டும், இடம்பெயர நேர்ந்தால் பட்டாவோடு வீடு கிடைக்க வேண்டும். இதற்கான பணம் முன்னே சொன்ன வைப்பில் ஒரு பகுதியாக இருக்கலாம். முதலீட்டுத் தொகையோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவல்ல. அரிட்டாபட்டியில் ஏலம் எடுத்த நிறுவனம் இழந்ததை நினைத்தால் மலிவான காப்பீடும்கூட.

அறிவிப்பு எங்கே ஒட்டப்படும் என்பதையும் சட்டமே சொல்ல வேண்டும் என்பேன். கோலசிலாங்கூர் நில அலுவலகத்தின் பலகையில் மலாயில் ஒட்டும் தாளை, காலை ஆறு மணிக்குச் செம்பனைக் காட்டுக்குப் போகிறவர் எப்போது பார்ப்பார்? தோட்டத்துக் கோயில் வாசலிலும், தமிழ்ப்பள்ளிச் சுவரிலும், சூராவிலும், சீனர் கடையிலும், அங்கங்கே படிக்கிற மொழியில், குறைந்தது தொண்ணூறு நாள். அந்தத் தாளில் தோண்டும் இடத்தின் வரைபடமும், எந்தக் குட்டையில் நீர் கலக்கும் என்பதும், வைப்பாகக் கட்டிய தொகையும், கேள்வி கேட்க ஒரு தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும்.